சவுரியப்பனின் மல்கூத்

"நாடு" என்றார் நிர்மலா டீச்சர்.

"ஆட்சி" என்றார் சவுரியப்பன், மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாதா கோயில். காலைப் பூசை முடிந்து, வேதாகம வினாடி வினாவில் இருவரும் சம மதிப்பெண். 'மல்கூத் என்ற எபிரேயச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்பது கடைசிக் கேள்வி. கேட்ட சாமியார் விடைத்தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார்.

"அரசுன்னு போட்டிருக்கு. ரெண்டு பேரும் அதைச் சுத்தித்தான் சொல்றீங்க. நாலு மணிக்கு வந்து காரணம் சொல்லுங்க. யாரு சொல்றது மனசுல படுதோ அவங்க ஜெயிச்சாங்க."

ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது. அன்று மாலை கிறிஸ்து அரசர் திருவிழா ஊர்வலத்தில் கிரீடத்தை வெல்வெட் மெத்தையில் ஏந்தி எல்லாருக்கும் முன்னால் நடக்கலாம். அந்தக் கோயிலின் வழக்கம் அது. சவுரியப்பனோ பதினெட்டு வருடமாக அதே ஊர்வலத்தின் கடைசியில் ஜெனரேட்டர் வண்டி தள்ளுகிறார். வீடு திரும்பினால் மனைவி சுகுணாவே ஒரு நிமிடம் யோசித்துத்தான் கதவைத் திறப்பாள். முகமெல்லாம் அவ்வளவு புகைக்கரி.

ஆசைப்பட்டதோடு நின்றிருக்கலாம். மனுசன், போன வாரமே கிருஷ்ணகிரி சம்பந்திக்குப் போன் போட்டு, "இந்த வருசம் கிரீடம் நம்ம கையிலதானுங்க" என்று சொல்லித் தொலைத்திருந்தார். புதுச் சம்பந்தி. இரண்டு மணி பஸ்ஸில் குடும்பத்தோடு வந்து இறங்கப் போகிறார்.

"வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் சுகுணா.

"சொன்னா நம்ம பொண்ணுக்கு அந்த வூட்ல என்ன மரியாதை இருக்கும்? ஜெயிச்சிக் காட்டறேன் பாரு."

நேராக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த நிசார் அகமதுவின் தையல் கடைக்கு ஓடினார். கிரீட மெத்தைக்குப் புது உறை தைக்க அங்கேதான் கொடுத்திருந்தார். ஜெயிப்பதற்கு முன்பே!

"பாய், உங்க அரபியும் எபிரேயமும் பங்காளிங்கதான? மல்கூத் மாதிரி உங்ககிட்ட எதுனா இருக்குதா?"

"முல்க்னு இருக்குதுண்ணா."

சவுரியப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அர்த்தத்தைக் கேட்டுக்கொள்ளாமலே சாமியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சாமி, நம்ம பாய் சாட்சி சொல்றாரு, கேளுங்க. சொல்லுங்க பாய், முல்க்னா என்ன?"

"நாடுங்க" என்றார் நிசார்.

"அப்ப டீச்சர் சொன்னதுதான் சரி போல" என்று சாமியார் வைத்துவிட்டார்.

சவுரியப்பனின் முகம் போன போக்கைப் பார்த்து நிசார் பதறினார். "அண்ணா, அது உருதுல. ஓதுறப்ப அரபில ஆட்சின்னுதான் அர்த்தம் வரும்!"

மறுபடி போன் போட்டார்.

"ஏப்பா சவுரி, ஒரே ஆளு அஞ்சு நிமிசத்துல ரெண்டு சொல்றாரு. இந்தச் சாட்சி செல்லாது" என்றார் சாமியார்.

உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். சம்பந்தி வந்த வேகத்தில் தெரு முழுக்கச் செய்தி சொல்லி முடித்திருந்தார். ஆளுயர மாலை ஒன்றை வேறு சவுரியப்பன் கழுத்தில் போட்டார். "போட்டோ எடுத்து எங்க சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேனுங்க!"

சவுரியப்பன் மாலையோடே குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு பழைய ஏற்பாட்டைப் புரட்டினார். வெளியே சுகுணா தட்டிக்கொண்டே இருந்தாள். மணி மூன்றரை.

நான்கு மணிக்குக் கோயிலில் உட்கார இடமில்லை. நிர்மலா டீச்சர் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்து வரைபடத்தை விரித்துக் காட்டினார். "எல்லை இல்லாம ஏதுங்க அரசு? தாவீது ஆண்டது இந்த மண்ணைத்தான?"

தலைகள் ஆடின. சம்பந்தியின் தலையும் ஆடியது. சவுரியப்பன் எழுந்தார்.

"இன்ன ராஜாவோட மல்கூத்துல மூணாம் வருசம்னு வேதத்துல வருதுங்க. மண்ணுக்கு ஏதுங்க மூணாம் வருசம்? ஆளுறதுக்குத்தான வருசக் கணக்கு?" குரல் மெல்ல ஏறியது. "இஸ்ரயேல் சனங்க பாபிலோன்ல அடிமையாக் கெடந்தாங்க. மண்ணு போச்சு. சிம்மாசனம் போச்சு. கிரீடம் போச்சு. அப்பவும் ஆண்டவரோட மல்கூத் இருக்குதுன்னு பாடுனாங்களே! அவரு சொல்லுக்கு எங்க கட்டுப்படுறாங்களோ அங்க அவரு ராஜா. தங்கமும் தகடும் எதுக்குங்க அவருக்கு?"

கைதட்டல் எழுந்தது. நிர்மலா டீச்சரே வரைபடத்தை மூடிவிட்டு, "நீங்கதான் ஜெயிச்சீங்கண்ணா" என்றார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சவுரியப்பன்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் பின்னால் கிரீடம் வைத்திருந்த அறைக்குள் போனார்.

வெளியே பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. சவுரியப்பன் புது உறை போட்ட மெத்தையை இரண்டு கையிலும் ஏந்தி அறை வாசலில் நின்றார். பெருமையில் கண் கலங்கியது. சம்பந்தி செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவைப் போட்டார். பத்து நிமிடம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

கடைசியில் திறந்தது. கோயில் பெருக்கும் செல்லம்மாள் வெறுங்கையோடு வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"என்னா பேச்சுங்கண்ணா! இனிமே ஊர்வலத்துல கிரீடமே வேணாம்னு சாமி அதைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாருங்க!"