எல்லாரும் சுடலைமுத்து

அன்றைக்கு இருந்தவர்கள்: சாகுல் பாய், திருவில்லிபுத்தூரில் பேண்டேஜ் துணிக் கம்பெனி முதலாளி. கிட்ணன், அவருடைய மேஸ்திரி. பேச்சியம்மா, அங்கே தறி ஓட்டுகிறவர். கோமதி அக்கா, ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்து எனக்கு வேலை தந்தவர். நான், சுடலைமுத்து. படிப்பு ஒன்பதாவது.

தொழிலாளிகள் லாகின் பண்ணி லீவு கேட்க ஒரு வெப்சைட் செய்திருந்தோம். பாய்க்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மில்லு.

டெஸ்ட் எழுதுவது என் வேலை. புரோகிராமைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கணும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. ஆனால் டெஸ்டில் லாகின் பண்ண ஆள் ஏது? யார் உள்ளே வந்தது என்று ஞாபகம் வைக்கிற செஷன் காலி. எல்லாம் சிவப்பு. (என் கண்ணும்தான்.) பொய்க்கு ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்தேன். வேறு பேர் தோணவில்லை. என் பேர்.

பச்சையாச்சு. மழை விட்ட சோழபுரம் வயல் மாதிரி, வரி வரியாக. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் படுத்துக் கிடந்தது. நானும் அந்தப் பச்சைக்குள் செத்த நேரம் படுத்துக் கிடந்தேன். பொய் ஆளை டெஸ்டோடு நிறுத்தணும். நான் வைத்தது நிஜப் புரோகிராமில்.

பாய்க்குக் காட்டுகிற அன்று, பேச்சியம்மா லாகினில் தன் நம்பரைப் போட்டார். 'வணக்கம் சுடலைமுத்து' என்று வந்தது.

"நான் எப்பய்யா சுடலைமுத்து ஆனேன்?"

"மீசை ஒண்ணுதான் கொறச்சல். போடுத்தா," என்றார் மேஸ்திரி.

பேச்சியம்மா, மகள் வளைகாப்புக்கு மூன்று நாள் லீவு போட்டார். மேஸ்திரி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்து. அவரும் சுடலைமுத்து. "நானும் போட்டுப் பாக்கேன்" என்று பாய் முப்பது போட்டார். பிறகு லீவுப் பட்டியலைத் திறந்தார்.

"யாருலே இந்தச் சுடலைமுத்து? வேலைக்கே வரமாட்டான் போல."

கையைத் தூக்கினேன்.

"எல்லாம் பச்சைன்னியே," என்றார் அக்கா.

"பச்சைதான் அக்கா."

அன்று சாயங்காலமே சரி செய்தேன். லாகின் இல்லாத ஆளை வெளியே தள்ளுகிற டெஸ்டைத்தான் இப்போது முதலில் எழுதுகிறேன். பாய் வெப்சைட்டை எடுத்துக்கொண்டார். அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "ஓம் பேருல விழுந்த லீவு அம்புட்டையும் எடுத்துட்டு, பொறவு வா. நிரந்தரம்."

இன்றைக்கும் கதவு தட்டினால் என் வீட்டுக்காரி, "யாரு, சுடலைமுத்தா?" என்பாள். பால்காரர் ஆமாம் என்பார்.

வீட்டில் மேகம் பார்த்துக்கொண்டு இருந்த நாள்: முப்பத்தெட்டு.