காந்தம் இழுத்த மாப்பிள்ளை

ஒழுங்கில்லாதவர்கள் சின்னச் சின்னத் தவறுகளோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரிய தவறு செய்வதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அது என்னிடம் நிறையவே இருந்தது. கல்லூரி நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதுகூட அதில் இருக்கும். அப்படிப்பட்டவன், மாமனாருக்கு எதிரில் பேண்ட் இல்லாமல் நின்ற நாளை எழுதாமல் விடுவேனா? எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு பக்கம்.

எண்பதுகளின் கடைசி. நானும் மனைவி செல்வியும் பம்பாயில், செம்பூரில் இருந்தோம். மாமனாருக்குத் தாராவியில் பெல்ட் பக்கிள் செய்யும் பட்டறை. ஒருநாள் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போயிற்று. வலி இல்லையென்று இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. (சொன்னால் பட்டறைக்குப் போக விடமாட்டோமாம்.) குழாயில் விளக்கு வைத்து உள்ளே பார்த்த டாக்டர், மூத்திரப்பையில் கட்டி, புற்றுநோய்தான் என்றார். அது உள்தோலோடு நிற்கிறதா, சுவரின் தசைக்குள் இறங்கிவிட்டதா என்பது முக்கியம். தோலோடு நின்றால் சுரண்டி எடுத்துவிடலாம். இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டும். பம்பாய்க்குப் புதிதாக வந்திருந்த காந்த ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்றார்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மழைக்காலத்து ஓதம் மாதிரி. சுண்ணாம்போட நிக்குதா, செங்கலுக்குள்ள எறங்கிட்டாண்ணு பாக்கணும். அம்புட்டுதான மாப்ள?”

நான் அதை இந்தியில் சொன்னேன். டாக்டர், “இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது” என்றார்.

அதற்குப் பிறகு மாமா சிரிக்கவில்லை. பட்டறையிலிருந்து வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஸ்கேனுக்கு இரண்டு நிபந்தனைகள். பை நன்றாகத் தெரிய, இரண்டு மணி நேரம் முன்பிருந்தே சிறுநீர் கழிக்கக் கூடாது. உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. இப்படியொரு வேலையை என்னைப் போன்ற ஒருவனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டியல் போட்டேன். கடிகாரம், மோதிரம், பேனா, பட்டறைச் சாவிக்கொத்து, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் மாதிரிப் பக்கிள்கள் என்று பதினோரு உருப்படி. ஸ்கேன் நிலையத்தில் ஒவ்வொன்றாக வாங்கி டிக் அடித்தேன். கீழே எழுதினேன்: ‘நோயாளியிடமிருந்து நீக்கியவை: அனைத்தும். பெற்றுக்கொண்டவர்: நான்.’ அத்தனையையும் என் பேண்ட் பைகளில் போட்டுக்கொண்டேன். அங்கே பெட்டி இருந்தது. (பிறர் பெட்டியை நான் நம்புவதில்லை.)

மாமாவை உள்ளே அழைத்துப் போய்ப் படுக்க வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கூச்சல் கேட்டது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்தைப் பார்த்த டெக்னீஷியன், கயிற்றைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

“மாப்ள! அரணாக்கயித்த அவுக்கச் சொல்லுதான். சீவன் போன பொறவுலா அத அறுப்பாவ? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

டெக்னீஷியன் தலையை வெளியே நீட்டினார். “அங்கிள்கோ சம்ஜாவோ, பாய். ஆப்கே பாஸ் லோஹா?”

மாமாவுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லிவிட்டு, என்னிடம் இரும்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார். நான் பெருமையோடு பட்டியலை நீட்டினேன். பதினோரு டிக்குகளைப் பார்த்து அவரும் தலையாட்டி வழிவிட்டார்.

நாலடி வைத்திருப்பேன். என் பேண்ட் பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் யாரும் இல்லை. சாவிக்கொத்து பையைக் கிழித்துக்கொண்டு பறந்துபோய், மாமாவின் தலைக்கு மேல் இயந்திரத்தின் வாயில் ‘டங்’ என்று ஒட்டியது. பின்னாலேயே பக்கிள்கள் வரிசையாகப் போயின. ஒரு சாண் கீழே போயிருந்தால் மாமாவின் மண்டையில் விழுந்திருக்கும்.

அடுத்து நான். இடுப்பில் கட்டியிருந்தது கல்யாணத்துக்கு மாமா கொடுத்த பெல்ட். பட்டறையின் ஆகக் கனமான இரும்புப் பக்கிள். அது என்னை இடுப்போடு இழுத்துக்கொண்டு போய் இயந்திரத்தில் ஒட்டவைத்தது. டெக்னீஷியன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, “பெல்ட் கோலோ! பெல்ட் கோலோ!” என்று அலறினார். கழற்றினேன். நான் அப்போது பெல்ட்டை நம்பி வாழ்ந்த ஒல்லி. மிச்சமிருந்த சில்லறைகளின் கனத்தோடு பேண்ட் தரைக்குப் போயிற்று.

மாமா படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார். இயந்திரத்தில் தொங்கும் தன் பக்கிள்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, ஒங்களுக்கும் ஸ்கேனா?”

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ நாளாக அடைத்திருந்த சிரிப்பு. இரண்டு மணி நேரமாக அடக்கிவைத்திருந்ததும் கூடவே வந்துவிட்டது. விரிப்பெல்லாம் ஈரம்.

அன்றைக்கு ஸ்கேன் இல்லை. அடுத்த முறை ஒன்பது நாள் கழித்துத்தான் என்றார்கள்.

வீட்டில் செல்வி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எங்கப்பாவுக்கு ஒம்பது நாளு பயத்தக் கூடக் குடுத்துட்டு வந்து நிக்கிய. அதுக்குள்ள அது செங்கல்ல எறங்கிட்டுன்னா?”

அந்த ஒன்பது நாளுக்கும் டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘என்னால்.’

ஆனால் தாராவியில் மாமா அந்தக் கதையைப் பட்டறை பட்டறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனபோது நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: “அந்த மிசினக் கண்டா இப்பம் பயமில்ல மாப்ள. ஒங்க பேண்ட்டுதான் ஞாபகம் வருது.”

இரண்டாம் முறை தாயத்தில்லாத வெறும் கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்தார். என்னைச் செல்வி தெருவின் எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்தாள். படத்தை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்த டாக்டர், மாமாவிடம் இந்தியில் சொன்னார்: “செங்கல் நல்லா இருக்கு.” கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பை பிழைத்தது. மாமாவும் பேரன்களின் கல்யாணம் வரை பிழைத்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்னைத்தான் கூட்டிப் போனார், டாக்டர் அறையின் வாசலிலேயே நிறுத்தி, “மாப்ள, பை காலியா?” என்று ஊர் கேட்கக் கேட்பார்.

அவர் போய்ப் பல வருடமாகிறது. போன தீபாவளிக்கு மைத்துனர் வீட்டுக்குள் நுழைந்தேன். மைத்துனரின் பேத்திகள் இரண்டு பேர், “தாத்தா ஆ கயே!”, தாத்தா வந்தாச்சு என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்கள். கரண்டி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் வாரி ஒரு மெத்தைக்கடியில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்லித் திரிந்த மாமாவை இருவரும் பார்த்ததே இல்லை.