எருக்குழியைப் பற்றி இனிப் பேச வேண்டாம்

மைசூர்,
12-7-1952

சிரஞ்சீவி மாப்பிள்ளை நரசிம்மமூர்த்திக்கு மாமனார் நம்பியின் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நான், உங்கள் மாமியார் குமுதவல்லி, கொட்டிலில் பசு எல்லோரும் க்ஷேமம். ஈக்கள் மட்டும் க்ஷேமமில்லை. ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை பத்மாஸினியைக் கொண்டுவந்து விடவும்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப ஈயின் உத்தரவு கேட்ட முதல் மாப்பிள்ளை நீங்கள்தான். பெங்களூரில் ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஊரார் சாக்கடையை எட்டிப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறீர்கள், சரி. அதற்காகப் போன மாதம் வந்த இடத்தில் மாமனார் வீட்டுக் கொல்லையையுமா எட்டிப் பார்ப்பது? "மாமா, உங்காத்து எருக்குழியிலேதான் ஈ முட்டையிடறது. பத்து நாளிலே பறக்க ஆரம்பிச்சுடும். வாராவாரம் அள்ளிப் போட்டுடுங்கோ. ஈ ஒழிஞ்சாத்தான் பத்மாவை அனுப்புவேன்" என்றீர்கள். அந்தச் சாணத்தால்தான் தினமும் வாசல் தெளிக்கிறோம், அடுக்களை மெழுகுகிறோம். சுத்தம் செய்கிற வஸ்துவிலிருந்து அசுத்தம் பிறக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்?

குழியைத் தொடாமலே ஈயை ஒழித்துக் காட்டுவது என்று அன்றே தீர்மானித்தேன். முதலில் ஆள் வைத்துச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தேன், இரண்டு நாள் செத்தன, மூன்றாம் நாள் புது ஈக்கள் வந்து அந்த வெள்ளைப் பூச்சின் மேலேயே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டன. பிறகு நீங்கள் கொடுத்த அச்சுக் காகிதத்தில் கண்டபடி தட்டில் பாலும் ஃபார்மலினும் வைத்தேன், நல்ல பால் வீணாகிறதே என்று பாலைக் குறைத்து மருந்தைக் கூட்டியதில் ஈ அண்டவில்லை, எனக்குத்தான் கண் எரிந்தது. அதற்குப் பிறகு விளக்கெண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சிக் காகிதத்தில் தடவி நிலைப்படியில் தொங்கவிட்டேன். பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு ரங்குவின் குடுமி அதில் ஒட்டிக்கொண்டது. "அய்யய்யோ, ஏனு ஸ்வாமி இது! ஈ பிடிக்கவா, ஆள் பிடிக்கவா?" என்று தெருவே கூடும்படி கத்தினார். மொத்தத்தில் நாலு ஈயும் முக்கால் குடுமியும் சிக்கின.

கடைசியில் என் சொந்த யோசனைதான் ஜெயித்தது. பதினைந்து நாளாகக் காலையும் மாலையும் நொச்சியிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகைத்தேன். முதல் வாரம் இருமல்தான் மிச்சம். நேற்று பாயசத்தைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு ஈ வந்தது, அதுவும் வழி தவறி வந்த வெளியூர் ஈ. உங்கள் இலாகாவுக்கு இதை நீங்களே தெரியப்படுத்தலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. எருக்குழி என்ற பேச்சு மட்டும் இனி வரக் கூடாது. பத்மாவுக்குக் கட்டில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அந்தக் காலி அறையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் தாய் தந்தையருக்கு என் நமஸ்காரம். பத்மாவையும் வயிற்றில் இருக்கும் சிசுவையும் மேலுக்கோட்டைச் செல்வப்பிள்ளை காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நம்பி

பி.கு.: இதைக் குமுதவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன்னா, நீங்க புகை போட ஆரம்பிச்ச அன்னிக்கே நான் சொல்லி, தோட்டக்காரன் கெம்பையன் வண்டி கட்டிண்டு வந்து குழியை அள்ளிண்டு போயிட்டானே! அப்புறமும் வாராவாரம் வரான். நீங்க புகைக்குள்ளே இருந்தேள், எங்கே தெரியப்போறது?" என்றாள். அவள் உங்களுக்கு அதை எழுதியதற்குப் பதிலாக, புதன்கிழமையே பத்மாவுடன் வருவதாக நீங்கள் போட்ட கார்டையும் காட்டினாள். கொல்லையில் போய்ப் பார்த்தேன். குழி துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. ஒரு மாதமாக என் பெண்ணை வரவிடாமல் செய்தவன் நான்தான். எழுதிய காகிதம் வீணாக வேண்டாம் என்று அனுப்புகிறேன். புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வருவேன். பத்மாவுக்கு எதிரில் மட்டும் எருக்குழியைப் பற்றிப் பேச வேண்டாம்.