மாப்பிள்ளையின் இசைத்தட்டுக்கு அயர்ன் போட்டது பற்றி

மண்ணரை, திருப்பூர்
மார்கழி 18

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை செல்வக்குமார் அவர்களுக்கு, மாமனார் ஆறுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கம்பெனி பாய்லரும் சேவூர்த் தோட்டத்து மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் நீங்களும் தமிழ்மதியும் அப்படியே இருக்க அவிநாசியப்பன் அருளட்டும்.

ஃபோன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். நமக்குள் உறவு ஏற்பட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் ஃபோனில் நீங்கள் “சாப்ட்டீங்களா மாமா?” என்பீர்கள், நான் “ஆச்சுங்க மாப்பிள்ளை, அங்க மழைங்களா?” என்பேன், நீங்கள் “இல்லைங்க மாமா” என்பீர்கள், அதோடு ஆளுக்கு ஒரு பக்கம் ஃபோனை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடுவோம். இப்போது சொல்ல வேண்டிய விஷயம் சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் வராது, மழைக்குப் பக்கத்திலும் வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன திங்கட்கிழமை நம் கம்பெனி முகவரிக்கு, உங்கள் பெயரைப் போட்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சதுரமாக, தட்டையாக, ஒரு மூலை நசுங்கி இருந்தது. பெங்களூர் வீட்டில் பகலில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று இங்கே வரவழைத்திருக்கிறீர்கள், பொங்கல் நோம்பிக்கு வரும்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தமிழ்மதியைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “அது அவரு ரெண்டு வருசமாத் தேடிப் புடிச்சதுங்கப்பா. பிரிக்காம பத்திரமா வைங்க, மிச்சத்த அவரே வந்து சொல்லுவாரு” என்றாள். பிரிக்காமல் என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் மாப்பிள்ளை, இருபத்தாறு வருடமாக செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கம்பெனி நடத்துகிறவன் நான். கண்டவன் பனியனையே திருப்பிப் போட்டுப் பார்த்து அனுப்புகிறவன், என் மாப்பிள்ளையின் சாமானை நசுங்கிய மூலையோடு அப்படியே கையில் கொடுப்பேனா? பிரித்தேன்.

உள்ளே இரண்டு கறுப்புத் தட்டுகள். அட்டைமேல் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதுகிற படம். நம் ஆபீஸ் பெண் கீர்த்தனாதான் அட்டையைப் படித்துச் சொன்னாள். “ஹோமர் டில்லர்னு ஒருத்தருங்க சார். ஜாஸ் வாசிக்கறவரு. சின்ன வயசுல, பேரு வாங்கறதுக்கு முன்னாடி வாசிச்சதையெல்லாம் தேடித் தொகுத்துப் போட்டிருக்காங்க.” சாக்ஸபோன் எனக்குப் புதிது இல்லை. மங்கலம் மண்டபத்தில் உங்கள் கல்யாணத்துக்கே வைத்தோமே. நான்கூட வாசித்தவர் பக்கத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன், ஃபேன் அங்கேதான் இருந்தது. மற்றபடி சாக்ஸபோனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பிரித்ததோடு விட்டிருக்கலாம். டேபிளில் போட்டு லைட் அடித்துப் பார்த்ததில் ஒரு தட்டு சரியாக இருந்தது, இன்னொன்று பயணத்தில் வளைந்து ஆப்பம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. வளைந்த சாமான் நம் கம்பெனி கேட்டைத் தாண்டாது. அயர்ன் டேபிளில் இருக்கிற பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் அவளுக்கு. பன்னிரண்டு வருடமாக நம்மிடம் வேலை, அவள் கை பட்டால் கோணியும் பட்டாகிவிடும். “பாண்டியம்மா, மாப்பிள்ளை சாமான். ஒரு வளைவு சுளிவு இருக்கக் கூடாதுங்” என்றேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கு எம்புட்டு சூடுண்ணே வைக்கணும்? லேபிளக் காணமே?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. “பாலியஸ்டர் சூடு போதும், மேல துணி போட்டுக்க” என்று சொன்னது சாட்சாத் நான்தான்.

ஸ்டீம் இறங்கியதும் தட்டு ஒரே ஒரு கணம் சப்பையாகப் படுத்தது. “பாத்தியா?” என்று கீர்த்தனாவைப் பார்த்து நான் சொல்லி வாய் மூடவில்லை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நாலு பக்கமும் எழும்பி நின்றது. பாண்டியம்மாள் இரண்டு எட்டு பின்னால் போய், “யாத்தி, உயிரு இருக்குண்ணே இதுக்கு!” என்று கத்தினாள். சூடு ஆறுவதற்குள் சரி செய்துவிடலாம் என்று நான் அதன்மேல் ஒரு துணி ரோலைத் தூக்கி வைத்தேன். ரோல் உருளை, மாப்பிள்ளை. எடுத்துப் பார்த்தால் தட்டு கிண்ணமாகியிருந்தது. மதியம் சாப்பாடு கொண்டுவந்த உங்கள் அத்தை மயிலாத்தாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வாழப்பழம் வைக்க நல்லாருக்குமுங்க. நடுவுல எதுக்கு ஓட்டை, தண்ணி வடியறதுக்குங்களா?” என்றாள்.

கூரியர்காரன்மேல் பழி போட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். கீர்த்தனாதான், “ஓரத்துல அயர்ன் பாக்ஸ் மூக்கு அச்சு பதிஞ்சிருக்குதுங்க சார். கூரியர்காரரு அயர்ன் பாக்ஸா வெச்சிருப்பாரு?” என்று என் வாயை அடைத்தாள். சரி, பாட்டாவது பிழைத்திருக்கிறதா பார்ப்போம் என்று சேவூரில் மைக் செட் வைத்திருக்கும் மாதவனிடம் போனோம். அவர் அப்பா காலத்து இசைத்தட்டுப் பெட்டி ஒன்று ஊசியோடு இருக்கிறது. கிண்ணத்தைப் பெட்டியில் வைத்ததும் முள் மேட்டுப்பாளையம் மலைப்பாதை பஸ் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. டில்லர் ஒரு வாய் ஊதினார், விக்கினார், மறுபடி ஒரு வாய் ஊதினார். “இது ஆகாதுங்ணா, எடுத்துருங்க, முள்ளு போயிரும்” என்று மாதவன் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்.

அயர்ன் படாத தட்டைப் போட்டோம். அது நன்றாகவே பாடியது. முதல் இரண்டு பாட்டு எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். மூன்றாவது மெதுவாக வந்தது. கூட வந்திருந்த பாண்டியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, “யாரோ ஆம்பளை ஒளிஞ்சு நின்னு அழுவுறாப்புல இருக்குண்ணே” என்றாள். நான் எழுந்து வெளியே போய் டீ சொன்னேன்.

மாப்பிள்ளை, நடந்தது இவ்வளவுதான். தப்பு முழுக்க என்னுடையது, பாண்டியம்மாள் சொன்னதைச் செய்தவள். இரண்டு வருடம் தேடிய சாமானை இரண்டு நிமிடத்தில் பழக்கிண்ணம் ஆக்கிவிட்டேன். வேறு யாருடைய பொருளாக இருந்தாலும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். உங்களிடம் எனக்குப் பேச்சு வருவதில்லை. இந்தக் கோபத்தில் நீங்கள் பொங்கலுக்கு வராமல் இருந்துவிடுவீர்களோ, இருக்கிற மூன்று வரிப் பேச்சும் நின்றுவிடுமோ என்பதுதான் என் பயமெல்லாம். நல்ல தட்டைப் பாலி பேக்கில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு வைத்து, எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போய், சாக்ஸபோன் புரிகிறவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள்.

நீங்களும் தமிழ்மதியும் பதினாறும் பெற்று, சுருக்கம் விழாத வாழ்க்கை வாழ அத்தையும் நானும் வாழ்த்துகிறோம். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். அவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

தலைகுனிவுடன்,
மாமனார்
ஆறுச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கீர்த்தனா ஓடிவந்தாள். இன்னொரு செட் கிடைக்குமா என்று விலாசம் தேடி, பார்சலோடு வந்த காகிதங்களை ஃபைலில் புரட்டியிருக்கிறாள். அதில் நீங்கள் எழுதச் சொல்லி, கடைக்காரர் இங்கிலீஷில் அச்சடித்து வைத்த சீட்டு ஒன்று இருந்தது. அவள் தமிழில் சொன்னாள்: “மாமாவுக்கு. கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் பந்திக்குப் போன பின்னாடியும் நீங்க மட்டும் சாக்ஸபோன் பக்கத்துலயே கண் கலங்கி நின்னீங்க. உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலை. பொங்கலுக்கு பிளேயர் கொண்டு வர்றேன். சேந்து உக்காந்து கேக்கலாம்.”

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். நான் கெடுத்தது என் சாமானைத்தான். ஃபேன் என்று எழுதியதையும் அடித்துவிடவும். ஃபேன் எதிர்ப்பக்கம் இருந்தது. மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு எனக்கு எங்கேயாவது நின்று அழ வேண்டியிருந்தது, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அங்கே போய் நின்றேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை.

அந்த மூன்றாவது பாட்டைச் சேர்ந்து கேட்போம். பிளேயரைத் தயவுசெய்து நீங்களே கையில் கொண்டுவாருங்கள். கூரியரில் போட்டால் இங்கே செக்கிங் ஆகிவிடும்.