நகல் டிஸ்க் பத்திரமாக இருக்கிறது

கப்பலில் இருக்கும் அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் தன் சொந்தக் கையால் எழுதுவது. முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரிகள் மேட்டில் ஏறுகின்றன. ‘ழ’ ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் நிற்கிறது. இதுவரை நான் சொல்லச் சொல்ல உங்கள் மனைவி எழுதினாள், பாதியை அவளே மாற்றியும் எழுதினாள். மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு நானே எழுதுகிறேன். உங்கள் மனைவி நடத்தும் பல் செட் செய்கிற கூடத்தில், செட்டுகளை டப்பாவில் போட்டு டாக்டர்களுக்கு அனுப்புவது என் வேலைதானே, இப்போது டப்பாவின் மேல் விலாசமும் நானே எழுதுகிறேன். இந்தப் பத்தியை முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் கப்பலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நம் பல் கூடத்தில் நடந்ததை என் மகள் போனில் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். கடலில் இருக்கிற மனுஷனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்பாள். நான் எழுதக் கற்றுக்கொண்டதே இதற்குத்தான். போன மாதம் பல் செட்டுக்குப் பாலிஷ் போடுகிறவர், ‘உங்கள் பார்சல் காத்திருக்கிறது’ என்று வந்த மெயிலைத் திறந்தார். அவ்வளவுதான், எல்லாக் கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டன. எந்தப் பல் எந்த வாய்க்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜை முழுக்கப் பல் செட்டுகள் அநாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. குத்துமதிப்பாக அனுப்பிவைத்தோம். ஒரு பாட்டு வாத்தியார் நேரே கூடத்துக்கே வந்து என் மகளிடம், “வாயைத் திறந்தா விசில் வருதும்மா. பசங்க எல்லாம் விளையாட்டு பீரியடுன்னு வெளியே ஓடுறாங்க” என்று விசிலோடு சொன்னார். இதெல்லாம் பெரிய பல் ஆஸ்பத்திரியின் காதுக்குப் போய்விட்டது. நம் வேலையில் பாதிக்கு மேல் அவர்கள் கொடுப்பது அல்லவா. ‘திங்கட்கிழமை எங்கள் ஆள் வருவார், கம்ப்யூட்டர் மறுபடி பூட்டிக்கொண்டால் எப்படி மீட்பீர்கள் என்று அவர் கண்ணெதிரே காட்டுங்கள், முடியாவிட்டால் வேறு கூடம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் மகள் சாப்பிடுவதில்லை, நகத்தைத்தான் கடிக்கிறாள்.

அதற்காகக் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காரர் ஒருவரை வரவழைத்தாள். கூடத்தில் அவருக்குச் ‘சந்தேகம் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் டீ நீட்டினால்கூட, “இதை யார் குடுத்தனுப்பினாங்க?” என்பார். “நான்தான் சார், இதோ கையில வச்சுக்கிட்டு நிக்கறேனே” என்பேன். அவர் வந்த முதல் நாள் ஒரு அசம்பாவிதம். எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படித்துவிடுவது புதிதாய்ப் படித்தவனின் வியாதி. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றின் முன்னால் நின்று, “க...டை...வாய்ப்...பல், ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்கப் படித்தேன். கணக்கு எழுதுகிற அம்மா பாய்ந்து வந்தார். “ஐயா, அது என் பாஸ்வேர்ட்!” “நல்ல கையெழுத்தும்மா” என்றேன். சந்தேகம் சார் என் மகளைப் பார்த்து, “வெளியேயிருந்து திருடனே வர வேண்டாம்மா. உங்க அப்பா ஒருத்தர் போதும்” என்றார். சீட்டுகளையெல்லாம் கிழித்தார்கள். முன்பின் தெரியாத மெயிலைத் திறக்காதே, போனில் யார் கேட்டாலும் உடனே எதையும் சொல்லாதே என்று பாடம் நடந்தது. பாலிஷ்காரர் இப்போது மனைவி கூப்பிட்டால்கூட, “வைங்க, நானே அந்த நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிக்கறேன்” என்கிறார். வீட்டில் அவருக்கு என்ன பூசை நடக்கிறதோ.

கடைசியில்தான் முக்கியமான விஷயம். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றியதையெல்லாம் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தார்கள். “இது இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது. தீ பிடிச்சாலும் திருடன் வந்தாலும் எட்டாத தூரத்துல இருக்கணும்” என்றார் சந்தேகம் சார். நேற்று என் மகள் அதை என் கையில் கொடுத்து, “அப்பா, இனிமே இது உங்க பொறுப்பு. எங்க வச்சீங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றாள். “உன்கிட்டயுமா?” “என்கிட்டயும்தான். கேக்கும்போது கொண்டாந்து குடுத்தா போதும்.” மாப்பிள்ளை, கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் என்னை நம்பி டீ வடிகட்டியைக்கூடக் கொடுத்ததில்லை. நாம் கூடத்துக்கு மேல் மாடியிலேயே குடியிருப்பதால் வீடு தோதுப்படாது. யோசித்து யோசித்து ஒரு இடம் கண்டுபிடித்தேன். எமனுக்கும் தெரியாத இடம். உங்களிடம்கூடச் சொல்வதாக இல்லை.

கடல் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கேப்டனுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உங்கள் கப்பல் அடுத்து நிற்கப்போகிற துறைமுகத்துக்கு நேற்றே ஒரு பல் டப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் முன்பு அனுப்பிய உறையைப் பார்த்து விலாசத்தை எழுத்து எழுத்தாக நானே வரைந்தேன். திறந்தால் பல் இருக்காது, பயப்பட வேண்டாம். தூரம் என்றார்கள், உங்களைவிடத் தூரத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்? தீயும் பிடிக்காது, சுற்றிலும் தண்ணீர்.

இதை எழுதும்போதே என் மகள் கீழேயிருந்து கத்துகிறாள்: “அப்பா! திங்கட்கிழமைக்கு ஒத்திகை பாக்கறோம். கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லாத்தையும் சார் அழிச்சுட்டார். அந்த டிஸ்க்கை எடுத்துட்டு வாங்க!” இப்போது படியேறி வரும் சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வாயால் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் எனக்குத்தான் எழுத வருமே. ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். மாப்பிள்ளை, நீங்கள் டப்பா கிடைத்த நிமிஷமே திருப்பி அனுப்புங்கள். அவள் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன், அதற்குள் கதவைத் திறந்திருந்தால்.