பக்கத்து வீட்டுக்குக் குடிவர வேண்டாம், மச்சான்

இயேசுவுக்கே புகழ்!

ஏரிக்கரை பசுமை நகர், இரண்டாவது தெரு,
திருநின்றவூர்.
புதன்கிழமை.

புதுவாயலில் இருக்கும் அன்பு மச்சான் பீட்டர் அவர்களுக்கு வரதன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். மன்னிக்கவும், கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. இங்கு நான் சுகம். அங்கே நீங்களும் என் தங்கை ஹெலனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் கம்பெனியில் ரிடையர் ஆனதும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வரலாமா, இடம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்காரர் வெங்கடேசன் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்கிறார். போனில் சொல்லலாம்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெலன் போனைப் பிடுங்கி, "அண்ணா, கொரலு இன்னா ஒரு மாதிரி கீது, சாப்ட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். மச்சான், வர வேண்டாம்.

பச்சைப்பசேலென்று இருக்கும், ஏரிக்காற்று வீசும் என்று மனை விற்றவன் சொன்னது பொய்யில்லை. பச்சை இருக்கிறது. அந்தப் பச்சைக்குள் என்னென்ன குடியிருக்கிறது என்பதைத்தான் அவன் சொல்லவில்லை. மயில் என்றால் தோகை விரித்து ஆடும் என்றுதானே நினைத்திருக்கிறோம்? அது கத்தும் மச்சான். விடிவதற்குள் ஜன்னலுக்கு மேலே வந்து உட்கார்ந்து, யாரோ பிள்ளையைத் தொடையில் கிள்ளிவிட்ட மாதிரி கத்தும். நான் வைத்த கத்தரி நாற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. நகர் சங்கத் தலைவர் தணிகாசலத்திடம் போய்ச் சொன்னால், "அது தேசியப் பறவை சார், அது மேல கம்ப்ளெயிண்ட்லாம் குடுக்க முடியாது. நாத்து வெச்சது உங்க தப்பு" என்கிறார். போன மாதம் குளியலறைக்குள் ஒரு சாரைப்பாம்பு. நான் வெளியே ஓடினேன், அதுவும் வெளியே ஓடியது, யார் யாரைத் துரத்தினோம் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அது மதிலேறிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இறங்கியது. ஹெலனுக்குப் பாம்பு என்று பேச்செடுத்தாலே ஜுரம் வரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜாரு அந்தப் பூங்காவால் வந்தது. தெருக்கோடியில் பூங்காவுக்கென்று விட்ட காலியிடம், வேலியில்லை. யாராவது வளைத்துப் போட்டுவிடுவான், ஒரு போர்டு வைப்போம் என்று சங்கத்தில் முடிவாயிற்று. நான் கம்பெனியில் 'தலைக்கவசம் அணிக' எழுதினவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். பூங்கா என்று எழுதப் போனேன். தணிகாசலம் விடவில்லை. "அது எவனுக்குப் புரியும்? ஜனங்க பேசற மாதிரி பார்க்குன்னு போடுங்க." சரி என்று நல்ல மஞ்சளில் 'இது பார்க். எல்லோரும் பயன்படுத்தலாம்' என்று எழுதி நட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு கம்பெனி பஸ், ஒரு தண்ணி லாரி, ஒரு ஜேசிபி வரிசையாக நிற்கின்றன. அங்கே நட்டிருந்த வேப்பங்கன்று நாலும் டயருக்கடியில். எடுப்பா என்றேன். பஸ் டிரைவர் பல் விளக்கிக்கொண்டே, "இன்னா பெர்சு, நீங்களே பார்க்குனு எழுதி வெச்சிக்கினு நிறுத்துனா எட்றான்றீங்க? கொயப்பாத பெர்சு" என்றான். நானே எழுதினதாயிற்றே. அழித்துவிட்டு 'பூங்கா' என்று மாற்றினேன். வண்டிகள் போயின. அதன்பிறகு இரண்டு பெண்கள் செருப்புத் தேய நடந்து வந்து, "பார்க்கு எங்க கீது தாத்தா?" என்று கேட்டார்கள். இதுதானம்மா என்றேன். "இது பூங்கான்னு போட்டுக்கீதே" என்று சொல்லி, நம்பாமல் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் வந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

பூங்காவுக்குள்ளே எட்டுப் போல வளைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள், எட்டு நடந்தால் சர்க்கரை இறங்குமாம். எனக்கு இறங்கவில்லை. என் ஞானம்மா இருந்தபோது நான் ஒரு பக்கமிருந்தும் அவள் எதிர்ப்பக்கமிருந்தும் கிளம்புவோம். நடுவில் கோடு சேர்கிற இடத்தில் கட்டாயம் இடித்துக்கொள்வோம். "யோவ், இம்மாம் பெரிய பார்க்குல என் மேலதான் வந்து உழணுமா?" என்பாள். போன தவக்காலத்தோடு அதுவும் போயிற்று. இப்போது எத்தனை சுற்று நடந்தாலும் இடிக்க ஆளில்லை, நானும் ரெண்டு சுற்றிலேயே வந்துவிடுகிறேன்.

அக்கம்பக்கம் நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஏழே முக்கால் ரயிலுக்கு எல்லோரும் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீட்டுக் கேட்டெல்லாம் திறக்கும். அதுவரைக்கும் தெருவில் நானும் மயிலும்தான். நேற்று கொரியர்காரன் வழி தெரியாமல் என் வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டு நாஷ்டா சாப்பிடச் சொன்னேன். அவன் பயந்துபோய், "இன்னொரு நாளு வரேன் நைனா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். அவன் இடத்தில் நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ரெண்டு இட்லி வீணாகிவிட்டது. ஒருத்தனுக்கு எத்தனை இட்லி ஊற்றுவது என்று இன்னும் எனக்குக் கை வரவில்லை, மச்சான்.

ஆகையால் நீங்கள் புதுவாயலிலேயே இருங்கள். லாரிப் புழுதி பறக்கும், அதனாலென்ன, பேச்சுத்துணைக்கு மனுஷன் இருக்கிறான். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஹெலனிடம் சொல்லவும். உங்கள் மகன் ராபினுக்கும் மருமகள் பிரின்சிக்கும் என் ஆசீர். வேளாங்கண்ணி மாதா உங்கள் வீட்டில் விளக்கணையாமல் பார்த்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
கு. வரதன்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். வெங்கடேசனிடம் நீங்கள் வருவதாகப் போன ஞாயிறே சொல்லிவிட்டேன், மேலே கெடு என்று எழுதியதெல்லாம் சும்மா, சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்க என்று கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் என்னால் தாங்க முடியாது, அதற்குத்தான் வேண்டாம் என்று மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் பாட்டுக்கு அதை நம்பித் தொலைக்காதீர்கள். பெயிண்ட் அடிக்கிற ஆள் காலையிலிருந்து பக்கத்து வீட்டில் பிரஷ்ஷோடு நிற்கிறான். சமையலறைக்கு என்ன கலர் என்று ஹெலனைக் கேட்டு, கடிதம் கண்டதும் போன் பண்ணவும்.