மாப்பிள்ளைக்குப் போட்ட ஏசி

"மார்கழி மாசத்துல ஏசிக்கு சர்வீஸ் பண்ற ஆளு இந்தத் திருப்புலிவனத்துலயே நீ ஒருத்தன்தான்யா! வெளியில பனி கொட்டுது, நீ இன்னாடான்னா..."

"கொஞ்சம் வாயை மூட்றியா? அவன் காதுல..."

"நான் ஏன் மூடணும்? மெத்தை பூரா தண்ணி! எங்க அம்மா வூட்டு இலவம்பஞ்சு மெத்தை..."

"ஏசியைக் கழுவினா தண்ணி வராம பாலா வரும்?"

பாஞ்சாலியும் காசியும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் காதில் வாங்காமல் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏணிமேல் நின்ற மெக்கானிக் பீட்டர், எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதானே என்பதுபோல ஏசிக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். கீழே பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பை எப்போதோ நிரம்பிவிட்டது. வழிந்த தண்ணீரெல்லாம் மெத்தைக்குத்தான் போனது.

"பொங்கலுக்குப் பத்து நாள்தான் கீது. மெத்தை எப்படி காயும்?" என்றாள் பாஞ்சாலி.

காசி மெத்தையின் ஒரு மூலையைப் பிழிந்து பார்த்தார். அவருக்குக் கவலை மெத்தை இல்லை, பொங்கல்தான்.

தலை தீபாவளிக்கு மகள் பூஜாவோடு வந்த மாப்பிள்ளை ஜெகன், கறிக்குழம்பு சாப்பிட்ட கை காய்வதற்குள் பைக்கை எடுத்துவிட்டான். "ஏசி இல்லன்னா எனுக்குத் தூக்கம் வராது மாமா. மறைமலைநகர் வூட்ல பழகிடுச்சி" என்றான். பூஜா ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

தெருவே கேட்டது. "இன்னாபா காசி, தலை தீபாவளிக்கு வந்த மாப்ள ஒரு ராத்திரிகூட தங்கலியா?"

தெரு கேட்டது போகட்டும். இதையே சொல்லிச் சொல்லி அங்கே பெண்ணை எப்படிக் குத்திக் காட்டுகிறார்களோ என்றுதான் காசிக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டுகிற கார்த்திகை மழையில் காஞ்சிபுரம் போய், யாரோ கழற்றிப்போட்ட ஏசி ஒன்றை வாங்கி, தார்ப்பாய் போர்த்தி டிராக்டரில் கொண்டுவந்து மாட்டினார். தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை இந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும். சாமியிடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

பீட்டர் ஏணியைவிட்டு இறங்கி ஏசியைப் போட்டான். மூன்று பேரும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஜில்லுனு வருது பாருண்ணா."

"ஜன்னலைத் தொறந்தாலும் இதே ஜில்லுதான் வருது" என்றாள் பாஞ்சாலி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

காசி ஏசிக்கு நேராகக் கையை நீட்டினார். ஜன்னலுக்கு நேராக நீட்டினார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"பீட்டரு, இது ஏசி குளிரா, மார்கழிக் குளிரா? எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

பீட்டர் தலையைச் சொறிந்தான். "வெயில் காலமா இருந்தா கரெக்டா சொல்லிடுவேன்ணா. குளிர்ல என்னை யாரும் கூப்ட்டதே இல்ல. நீதான் ஃபர்ஸ்ட்டு."

"ரூமைச் சூடு பண்ணிப் பார்த்தா?" என்றார் காசி.

இந்தக் கேள்வியைக் கேட்ட நேரம்தான் சரியில்லை.

வெந்நீர் அண்டாவும் இரும்பு அடுப்பும் அறைக்குள் வந்தன. விறகு பனியில் நனைந்து கிடந்தது. பற்றவைத்ததும் நெருப்பு வந்ததோ இல்லையோ, புகை வந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு மூன்று பேரும் வெளியே நின்று இருமினார்கள். பக்கத்து வீட்டு எல்லப்பன், ஜன்னல் இடுக்கில் புகை வருவதைப் பார்த்துவிட்டு "ஐயோ, காசி வூடு பத்திக்கிச்சி!" என்று பக்கெட்டோடு ஓடிவந்தார். யாரையும் கேட்காமல் ஜன்னலை எட்டி உதைத்து, பக்கெட் தண்ணீரை அப்படியே உள்ளே வீசினார்.

அடுப்பு அணையவில்லை. சுவரில் இருந்த ஸ்டெபிலைசர் 'டப்' என்று அணைந்தது.

"ரூமுக்குள்ள எதுக்குபா அடுப்பு?" என்றார் எல்லப்பன், மூச்சு வாங்க.

"ஏசியை டெஸ்ட் பண்றோம்."

எல்லப்பன் அடுப்பைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். காசியை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒடம்பைப் பார்த்துக்கபா" என்று சொல்லிவிட்டுக் காலி பக்கெட்டோடு போய்விட்டார்.

புது ஸ்டெபிலைசர் வந்தது. அதற்கு இரண்டாயிரத்து ஐநூறு. மறுபடியும் அடுப்பு, இந்தத் தடவை காய்ந்த விறகு. எல்லப்பனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாயிற்று. அறை நன்றாகக் கொதித்ததும் பீட்டர் ஏசியைப் போட்டான். ஏசியும் கொதிக்கிற காற்றையே வாங்கி வாங்கி விட்டது.

"அண்ணா, இதுல சுத்தமா கேஸ் இல்ல. கேஸ் போட்டாத்தான் ஆவும். மூவாயிரத்து ஐநூறு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?"

"குளிர்ல எப்படித் தெரியும்? நீ அடுப்பு வெச்சதுனாலதான் தெரிஞ்சிது. நல்ல ஐடியாண்ணா!"

காசி அந்தக் கொதிக்கிற அறையிலேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நெல் அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் பாஞ்சாலியின் வெள்ளாடு உத்திரமேரூருக்குப் போனது, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பாஞ்சாலி காசியிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, காசியைப் பற்றி எல்லாரிடமும் பேச ஆரம்பித்தாள்.

அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது மொட்டைமாடியில்தான். கீழே நின்றால் எப்போதாவது கிடைக்கும், பாதிப் பேச்சில் போய்விடும். காசி மாடியில் நின்று, உத்திரமேரூரில் இருக்கிற பீட்டருக்கு நேராகவே கேட்கட்டும் என்பதுபோலப் போனில் கத்தினார்.

"போகிக்குள்ள கேஸ் போட்டே ஆவணும் பீட்டரு! எம் பொண்ணு வாழ்க்கை விஷயம்! எவ்ளோ செலவானாலும் நான் வுடறதா இல்ல!"

அவர் படியிறங்கும்போது பாஞ்சாலி வாசலில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாதான் கத்தறாரு. வேற யாரு? எல்லாம் உன் புருஷனாலதான். ஆட்டை வித்துக் கேஸ் போடறாரு. நான் சொன்னா கேக்கறாரா? ...பூஜா? ஏய் பூஜா?"

போனை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "கட்டாயிடுச்சி" என்றாள், காசியிடம் அல்ல, கதவிடம்.

போகிக்கு முந்தின நாள் பீட்டர் கேஸ் போட்டான். அறை பனிக்கட்டியாகிவிட்டது. அடுப்பு வைத்தும் பார்த்தார்கள், அடுப்பே குளிர்ந்துபோனது. காசி அன்று முழுக்க அதன் கீழே உட்கார்ந்து பரிசோதித்ததில், போகியன்று காலையில் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக, நிமிடத்துக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் மனசு லேசாகியிருந்தது.

அப்போதுதான் சம்பந்தி தினகரன் திருப்புட்குழியிலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு பை ஆப்பிள். கூட யாரும் இல்லை.

காசி அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "வாங்க சம்பந்தி. மாப்ளையும் பூஜாவும் வரலியா?"

"வரணும்னுதான் கீது. அது உங்க கையிலதான்."

"நான் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேனே! உள்ள வாங்க, வந்து பாருங்க."

ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தினகரன் எதையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஆப்பிள் பையையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி... கேஸ் போட்டுட்டீங்களா?"

பூஜா சொல்லியிருக்கிறாள்! காசிக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்தே போட்டாச்சே!"

தினகரன் முகம் வெளுத்தது. "யாரை வெச்சி?"

"பீட்டருன்னு ஒருத்தன். உத்திரமேரூர்ல அவனை வுட்டா ஆளே கெடையாது. ஒரு வருஷத்துக்கு அசையாதுன்னு சொல்லிட்டான்."

"ஒரு வருஷமா?"

"அதுக்கு மேலயும் இழுக்குமாம். நடுவுல நின்னுடுச்சின்னா, பைசா வாங்காம மறுபடியும் போட்டுத் தரேன்னுட்டான்!"

பாஞ்சாலி காபியோடு வாசற்படியில் வந்து நின்றாள். தினகரன் எழுந்தார். ஆப்பிள்கள் தரையில் உருண்டன. காசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"கேஸை வாபஸ் வாங்கிடுங்க சம்பந்தி, உங்க கால்ல வேணாலும் வுழறேன். தீபாவளிக்கு முன்னாலயே பையனுக்கு வேலை போயிடுச்சி. ராத்திரி தங்கினா நீங்க வேலையைப் பத்திப் பேச்செடுப்பீங்கன்னு பயந்துதான் ஏசி இல்ல, தூக்கம் வராதுன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டான்... மறைமலைநகர் வூட்ல ஃபேனே ஒண்ணுதான் கீது!"